இரண்டு வேலைகளுக்கு நடுவே ஒரு கடற்கரைப் பயணம்: சென்னை முதல் கன்னியாகுமரி வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வேலையை விட்டாயிற்று, புது வேலையில் இன்னும் சேரவில்லை. அந்த இடைவெளியில் நானும் கணவரும் காரை எடுத்துக்கொண்டு சென்னையிலிருந்து கடலோரமாகவே கன்னியாகுமரி வரை போய் வந்தோம். அதைக் கேள்விப்பட்ட நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், எங்களுக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கிளம்பும் யோசனையில் இருக்கும் தம்பதிகளுக்கு இது உதவினால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

கோவாவோ கேரளாவோ போகாமல் ஏன் இந்த வழி?

வீட்டு வாசலில் ஏறினால் ஈசிஆர், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலை. அதைவிட்டு எதற்கு வேறு எங்கோ போக வேண்டும்? சென்னையில் இருப்பவர்களுக்கு ஈசிஆர் என்றால் மாமல்லபுரம், மிஞ்சிப்போனால் பாண்டிச்சேரி. அதற்குத் தெற்கே கடலூர், நாகப்பட்டினம், தொண்டி, ராமநாதபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர் என்று கரை நீண்டுகொண்டே போகிறது. சதுப்புக் காடு, உப்பளம், மான் ஓடும் புல்வெளி, பனங்காடு, தேரி எனப்படும் செம்மணல் மேடு எல்லாம் ஒரே கரையில் அடுத்தடுத்து வரும். பாண்டிச்சேரியோடு திரும்பிவிடுகிறவர்கள் இந்தக் கரையின் முன்வாசலைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

வழி நெடுக கடல் தெரியுமா?

தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சாலை பெரும்பாலும் கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே ஓடுகிறது, சில இடங்களில் இன்னும் அதிகம். ஆனால் தெற்கு நோக்கிப் போகும்போது கடல் எப்போதும் உங்கள் இடது கைப்பக்கம்தான். இடது பக்கம் ஏதாவது ஒரு மீனவ கிராமத்தின் பெயர்ப்பலகை வந்தால் தயங்காமல் திரும்புங்கள். தென்னந்தோப்பு, ஒரு கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ, வலை காயப் போட்ட மணல், அப்புறம் கடல். எங்கள் பயணத்தில் மனதில் நின்ற இடங்களில் பாதி இப்படித் திரும்பியதால் கிடைத்தவை. அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரம் ஒரு சாதாரண லீவில் கிடைக்காது, இரண்டு வேலைகளுக்கு நடுவில்தான் கிடைக்கும்.

எவ்வளவு தூரம்? எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

திருச்சி, மதுரை வழியாகப் போனால் சென்னையிலிருந்து கன்னியாகுமரி சுமார் 700 கிலோமீட்டர். கடலோரமாக, தனுஷ்கோடி வரை போய்த் திரும்புவதையும் சேர்த்தால் 900 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். இடது பக்கத் திருப்பங்கள் தனிக்கணக்கு. ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாமல் இருந்தால் பயணம் பயணமாக இருக்கும். போகும் வழிக்கு மட்டும் பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள்தான் இருக்கிறது என்றால் முழுக்கரையையும் பிடிக்க ஓடாமல், நாகப்பட்டினம் முதல் ராமேஸ்வரம் வரை உள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை.

ஒரு விஷயம்: மேப்பில் கன்னியாகுமரி என்று மட்டும் போட்டால் அது உங்களை உள்நாட்டு நெடுஞ்சாலையில்தான் இழுத்துக்கொண்டு போகும். அன்றன்றைக்குப் போகும் அடுத்த ஊரை மட்டும் போடுங்கள்.

அடுத்த வேலை கையில் இல்லாமல் கிளம்பலாமா?

எங்கள் இருவர் கையிலும் ஆஃபர் லெட்டர் இருந்தது, சேரும் தேதியும் எழுத்தில் வந்திருந்தது. அதனால்தான் நிம்மதியாகச் சுற்ற முடிந்தது. வேலை தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் போவதும் தப்பில்லை, ஆனால் ஒவ்வொரு போன் மணிக்கும் மனது துள்ளும். அப்படிப்பட்டவர்கள் இதையே இரண்டு சின்னப் பயணங்களாகப் பிரித்துக்கொள்ளலாம்.

புது நிறுவனத்திடம் சேரும் தேதியைக் கொஞ்சம் தள்ளிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஆஃபரை ஏற்பதற்கு முன்னால் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். இருவரும் ஒரே சமயத்தில் வேலை மாறுவது அபூர்வம். ஒருவர் மட்டும் மாறுகிறார் என்றால் மற்றவர் லீவு எடுக்க வேண்டியிருக்கும். அப்போது லேப்டாப்பைக் காரில் ஏற்றாமல் இருப்பதுதான் முக்கியம்.

கிளம்புவதற்கு முன் முடிக்க வேண்டிய அலுவலக வேலைகள் என்ன?

இதை எல்லாரும் அலட்சியமாக விடுகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மருத்துவக் காப்பீடு. அலுவலகம் தரும் குரூப் இன்சூரன்ஸ் பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். புது நிறுவனத்தின் காப்பீடு சேர்ந்த பிறகுதான் தொடங்கும். நடுவில் நீங்கள் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். சொந்தமாக ஒரு பாலிசி எடுத்தால் முதல் 30 நாள் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, விபத்துக்கு அது கிடையாது. ஆகவே ராஜினாமா கொடுத்த கையோடு பாலிசி எடுத்துவிட்டால், கடைசி நாள் வருவதற்குள் அந்த 30 நாளும் ஓடிவிடும். நோட்டீஸ் பீரியட் இதற்காவது பயன்படட்டும்.

அடுத்து பணம். எஃப் அண்ட் எஃப் செட்டில்மெண்ட், அதாவது பழைய நிறுவனம் தர வேண்டிய கடைசிக் கணக்குப் பணம், வரும் என்று நம்பி ஓட்டல் அறை போடாதீர்கள். எங்களில் ஒருவருக்கு அது பயணம் முடிந்து வெகுநாள் கழித்துத்தான் வந்தது. கையில் இருக்கும் சேமிப்புக்குள் பயணத்தை அடக்குங்கள். பி.எஃப். பணத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். மொத்தமாக ஐந்து வருட சர்வீஸ் முடிவதற்குள் எடுத்தால் வரி பிடிப்பார்கள், வேலை மாறினாலும் மாறாத யுஏஎன் எண் இருப்பதால் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்வதும் சுலபம்.

ரிலீவிங் லெட்டர், சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16 (சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று) ஆகியவற்றை அலுவலக மெயில் மூடப்படுவதற்கு முன் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். புது நிறுவனத்தின் சரிபார்ப்புக்காரர்கள் நீங்கள் கடற்கரையில் நிற்கும்போதுதான் கூப்பிடுவார்கள். போனிலேயே எல்லாம் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி, பிப்ரவரி. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, பறவைகளும் இருக்கும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் காலம், டெல்டா பகுதியில் சாலையே முழுகிப்போவது உண்டு. ஆனால் வேலை மாறும் நேரத்தை நாம் தேர்ந்தெடுக்க முடிவதில்லையே. ஏப்ரல், மே என்றால் காலை பத்து மணிக்குள்ளும் மாலை நான்கு மணிக்கு மேலும் மட்டும் வெளியே திரியுங்கள். பதநீரும் நுங்கும் கிடைக்கும் பருவம் என்பது அதற்கான ஈடு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப் படகுகள் போகும், விசைப்படகுகள் போகாது. மீன் விலை ஏறியிருக்கும், பெரிய மீன்கள் குறைவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை ராமநாதபுரத்துக்குத் தெற்கே காற்று பலமாக இருக்கும். கன்னியாகுமரியில் கடல் கொந்தளித்தால் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகை நிறுத்திவிடுவார்கள்.

சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் எங்கே நிறுத்த வேண்டும்?

மாமல்லபுரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஒருமுறையாவது அங்கே இரவு தங்கி, விடிந்ததும் கடற்கரைக் கோயிலுக்குப் போங்கள். கூட்டம் வருவதற்கு முன் அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன்னால் நிற்பதும் பகல் பதினொரு மணிக்கு நிற்பதும் ஒன்றல்ல. அதைத் தாண்டினால் கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டை, பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்து 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. இடிந்த சுவர்மேல் ஏறினால் கழிமுகமும் கடலும் ஒன்றாகத் தெரியும். அப்புறம் மரக்காணம் உப்பளம்.

பாண்டிச்சேரியை வார நாளில் கடந்துவிடுங்கள், சனி ஞாயிறில் காரை நிறுத்த இடம் தேடியே நாள் போய்விடும். தமிழ்நாட்டைவிட அங்கே பெட்ரோல் விலை குறைவு, டேங்கை நிரப்பிக்கொள்ளலாம். காரைக்காலிலும் அப்படித்தான். மது பாட்டில்களை மட்டும் எல்லை தாண்டிக் கொண்டுவராதீர்கள், சோதனைச் சாவடி உண்டு.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குக் காலையிலேயே போங்கள். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகுதான் குறுகலான வாய்க்கால்களுக்குள் நுழையும். சுரபுன்னை வேர்கள் தலைக்கு மேலே வளைந்து நிற்கும் அந்தப் பாதையில் படகோட்டி துடுப்பை நிறுத்திவிட்டால் தண்ணீர் சொட்டும் ஓசை மட்டும்தான். சிதம்பரம் பக்கத்திலேயே இருக்கிறது. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் படகு முடித்துவிட்டு மாலையில் நடராஜரைப் பார்க்கலாம். காலைச் சாப்பாட்டுக்குக் கத்தரிக்காய் கொத்சு கேளுங்கள்.

தரங்கம்பாடிக்கு ஒரு முழு மாலை கொடுங்கள். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்பர்க் கோட்டை மஞ்சள் நிறத்தில் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழில் அச்சடித்தது இந்த ஊரில்தான். கோட்டைக்குச் சற்று வடக்கே, அலை அரித்து மிச்சமிருக்கும் மாசிலாமணிநாதர் கோயில். நாங்கள் பார்த்த ஊர்களில் இரண்டு பேர் பேசாமல் நடக்க மிகவும் ஏற்ற தெரு இங்கேதான் இருக்கிறது.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே என்ன இருக்கிறது? எல்லாரும் அதைத் தாண்டி நேராக ராமேஸ்வரம் போகிறார்களே?

அதுதான் எனக்கு ஆதங்கம். நாகூர், நாகை, வேளாங்கண்ணி வரை கூட்டம் இருக்கும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, அந்த நாள்களில் அந்தச் சாலை முழுக்க நடந்து வருகிற பக்தர்கள், மெதுவாக ஓட்டுங்கள். அதற்கு அப்பால் சாலை வெறிச்சோடிவிடும்.

வேதாரண்யத்தில் இருபுறமும் உப்பளம். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு அள்ளிக் கைதான இடத்தில், அகத்தியம்பள்ளியில் நினைவுத்தூண் இருக்கிறது. பத்து கிலோமீட்டர் தள்ளிக் கோடியக்கரை சரணாலயம். வெளிமான்கள் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருக்கும், குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். காலை ஆறரைக்கே அங்கே இருங்கள், வெயில் ஏறிவிட்டால் மான்கள் புதருக்குள் போய்விடும்.

முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு, பிச்சாவரத்தைவிடப் பெரியது, ஆள் நடமாட்டம் குறைவு. மல்லிப்பட்டினம் அருகே மனோரா: நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டிய கோபுரம். ஒரு மராட்டிய அரசர் ஐரோப்பியப் போருக்காகத் தமிழ்க் கரையில் கட்டிய கட்டடம் என்று நினைத்துப் பார்த்தாலே வியப்பாக இருக்கும். அதன் முன்னால் விரிந்திருக்கும் பாக் விரிகுடாவில்தான் 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது, 448 சதுர கிலோமீட்டர். கடலடியில் புல் மேயும் பிராணி அது. இந்தியாவில் வேறெங்கும் இதற்கெனத் தனிப் பாதுகாப்பகம் அதற்கு முன் இருந்ததில்லை.

கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் எல்லாம் அதே சாலையில் வரிசையாக வரும். இந்தப் பகுதியில் அலையே இருக்காது. கடல் ஏரி மாதிரிக் கிடக்கும். மீன் இறங்கும் தளத்துக்கு விடியற்காலையில் போனால் பெண்கள் நண்டைக் கூடையில் தரம் பிரித்துக்கொண்டிருப்பார்கள். ஓரமாக நின்று பாருங்கள், ஏலம் நடக்கும்போது குறுக்கே போகாதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அதைக் கடைப்பிடித்தால் அவர்களே பேச்சுக் கொடுப்பார்கள். "எந்த ஊரு தாயி? இம்புட்டுத் தூரம் சும்மா பாக்கவா வந்தீக?" என்று ஒரு அம்மா கேட்டார். சும்மா பார்க்கத்தான் என்றேன். நல்லது என்று சொல்லி இரண்டு நண்டை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். எங்கே சமைப்பது? வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொடுத்தோம், மிளகு போட்டு வறுத்துத் தந்தார்கள்.

தனுஷ்கோடி பற்றி?

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், பின்னால் வருகிறவர்களுக்குப் பெரிய தொல்லை. மெதுவாக ஓட்டினாலே 2025 ஏப்ரலில் திறந்த, செங்குத்தாகத் தூக்கும் புது ரயில் பாலம் பக்கத்தில் தெரியும்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது, ரயிலோடு பயணிகளும் போனார்கள். இடிந்த தேவாலயச் சுவர்களில் சாய்ந்து சிரித்துப் படம் எடுக்கும்போது அதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். 2017இல் இருந்து நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை உண்டு. இடப்பக்கம் அமைதியாகக் கிடப்பதை உள்ளூரில் பெண்கடல் என்பார்கள், வலப்பக்கம் சீறுவது ஆண்கடல். குளிக்க இறங்கவே வேண்டாம், நீரோட்டம் இழுத்துவிடும். மாலையில் தனுஷ்கோடிக்குப் போகும் வழியை மூடிவிடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். முனையில் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடிக்கலாம், ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை சுவாரஸ்யமில்லாத சாலை என்கிறார்களே?

சீமைக் கருவேலமும் பொட்டல்வெளியுமாகத்தான் முதலில் தெரியும். கீழக்கரையில் இறங்கித் தொதல் வாங்குங்கள், தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய இனிப்பு, ஒரு துண்டே போதும். ஏர்வாடி தாண்டிச் சாயல்குடி, வேம்பார் நெருங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் பனை.

பதநீர்ப் பருவத்தில் இந்தச் சாலையில் அதிகாலையில் போனால் மரத்தடியில் பனையேறிகளைப் பார்க்கலாம். இடுப்பில் அரிவாள்பெட்டி, மேலே போய்ப் பாளையை ஒரு இழை சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு, நிறைந்த கலயத்தை இறக்குகிறார்கள். எங்களுக்கு ஊற்றித் தந்த பெரியவர் ஒரு பச்சைப் பனையோலையை மடித்து, நுனியைக் கட்டிப் பட்டை பிடித்துக் கொடுத்தார். இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்க வேண்டும். ஓலை வாசமும் லேசான சுண்ணாம்பு வாடையும் முதலில் வரும், அப்புறம்தான் இனிப்பு. "வெயிலு ஏறுறதுக்குள்ள குடிச்சிரணும் தாயி, அப்புறம் புளிச்சிரும்" என்றார். விலை கேட்டால் சொன்னதை அப்படியே கொடுங்கள். ஒரு நாளில் பல மரம் ஏறி இறங்கும் உழைப்புக்கு எந்த விலையும் குறைவுதான். இந்தச் சாலையைச் சுவாரஸ்யமில்லாதது என்பவர்கள் பகல் பன்னிரண்டு மணிக்குப் போயிருப்பார்கள்.

தூத்துக்குடிக்குப் பிறகு?

தூத்துக்குடியில் மக்ரூன் வாங்குங்கள், முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும்தான், டப்பாவை இறுக்கி மூடாவிட்டால் நமத்துப்போகும். திருச்செந்தூரில் விசேஷ நாள்களைத் தவிர்த்தால் நிதானமாகத் தரிசனம் கிடைக்கும். உடன்குடியில் கருப்பட்டி. மணப்பாடு இந்தப் பகுதியின் அழகான ஊர்: மணல் குன்றின் மேல் திருச்சிலுவைத் தேவாலயம், கீழே புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை, ஒரு பக்கம் வளைந்த கரை, மறுபக்கம் திறந்த கடல். சூரியன் சாயும் நேரத்துக்குப் போங்கள். அங்கிருந்து உவரி, கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரி. அங்கே 2000 ஜனவரி 1இல் திறந்த 133 அடி வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே இப்போது கண்ணாடிப் பாலம் இருக்கிறது.

கழிப்பறை, தங்குமிடம், பாதுகாப்பு?

பெண்களுக்கு இதுதான் முதல் கேள்வி. பாண்டிச்சேரி வரை கவலையில்லை. நாகைக்குத் தெற்கே பெரிய ஊர்களின் ஓட்டல்களை நம்புங்கள், பெட்ரோல் பங்க்குகள் இரண்டாவது வழி. கிளம்பும் முன் அறையிலேயே முடித்துக்கொண்டு, அடுத்த பெரிய ஊர் எது என்று தெரிந்து வைத்திருந்தால் போதும். தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள், அந்த வெயிலில் அது ஆபத்து.

மாமல்லபுரம், ராமேஸ்வரம், கன்னியாகுமரி ஆகிய ஊர்களில் அரசின் 'தமிழ்நாடு ஓட்டல்' உண்டு. வேளாங்கண்ணிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில் நல்ல அறை குறைவு, பட்டுக்கோட்டையில் பார்க்கலாம். இருவரின் ஆதாரும் கேட்பார்கள். இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். டெல்டாவில் அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல் காயும், தெற்கே ஆடுமாடு படுத்திருக்கும், உப்பு லாரிகள் விளக்கில்லாமல் நிற்கும்.

செலவு?

போக வர 1,700 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் என்றால் பெட்ரோலுக்கு மட்டும் பதினோராயிரம், பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆகும். அறைவாடகைதான் மிச்சக் கணக்கைத் தீர்மானிக்கும். சாப்பாடு இந்தக் கரையில் மலிவு.

நாள் முழுக்க ஒரே காரில் இருந்தால் சண்டை வராதா?

வரும். வேலை பார்க்கும்போது நாம் ஒருவரையொருவர் பார்ப்பதே ராத்திரியில்தான், களைத்துப்போய். திடீரென்று முழுநாளும் பக்கத்தில் உட்கார்ந்தால் முதலில் தடுமாற்றம்தான். காலையில் அவர், மதியத்துக்கு மேல் நான் என்று ஓட்டுவதைப் பிரித்துக்கொண்டோம். ஓட்டுகிறவர் விருப்பப்படி பாட்டு, பக்கத்தில் இருப்பவர் சொல்லும் இடத்தில் நிறுத்தம். பழைய அலுவலகப் புகார்களை எங்கள் இருவராலும் நாகப்பட்டினம் வரை நிறுத்த முடியவில்லை. அதற்குப் பிறகு அது தானாக நின்றுபோய், சின்ன வயதுக் கதைகள் வந்தன. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத கதைகள். அதற்காகவே இந்தப் பயணத்தை எல்லாத் தம்பதிகளுக்கும் சொல்வேன்.

எப்படித் திரும்புவது?

கடலோரமாகவே திரும்பி வராதீர்கள். திருநெல்வேலி, மதுரை, திருச்சி வழியாக நான்குவழிச் சாலையில், நடுவில் ஓர் இரவு தங்கி வந்துவிடலாம். ஃபாஸ்டாகில் பணம் போட்டு வையுங்கள், அந்த வழியில் சுங்கச்சாவடி அதிகம். புது வேலையில் சேருவதற்கு முன் இரண்டு நாளாவது வீட்டில் இருங்கள். அதில் ஒரு காலையை சர்வீஸ் சென்டருக்கு ஒதுக்கி, காரின் அடிப்பாகத்தைத் தண்ணீர் அடித்து நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். தனுஷ்கோடி மணலும் உப்புக் காற்றும் விட்டுவைத்தால் துரு பிடித்துவிடும்.